மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை

அத்தியாயம் 11

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து போன வாரம் வந்த கடிதத்தை மார்லிஸ் கோஸ்கெலா இதுவரை பதினைந்து தடவையாவது படித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரி மாறியிருக்காதா என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

'கேட்கப்பட்ட பொருள் வசதிக்கானது. மருத்துவத் தேவைக்கானது அல்ல.'

வசதியாம்! எழுதியவன் யாரோ, அவன் கைகள் இரண்டும் தோளில் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்கின்றன போலிருக்கிறது.

ரோட்னிக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்தெட்டு வருடம் இரும்புச் சுரங்கத்தில் வீடு அளவுக்கு உயரமான லாரியை ஓட்டியவர். தசைகள் ஒவ்வொன்றாக இளைத்துக்கொண்டே போகும் நோய் முதலில் கால்களைப் பிடித்தது, பிறகு இரண்டு தோளுக்கும் ஏறியது. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி வந்துவிட்டது. ஆனால் அதை ஓட்டும் பிடியில் கையை வைத்திருக்கத் தோளில் வலு வேண்டுமே? அதற்குத்தான் அந்தக் கைத்தாங்கி. நாற்காலியின் முதுகில் பொருத்திய ஒரு இரும்புக் கரம், அதன் நுனியில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை ஏந்திக்கொள்ளும் மெத்தை வைத்த தொட்டி, எடையைத் தாங்க இரண்டு சுருள்வில். அவ்வளவுதான்.

அது இருந்தால் ரோட்னி தானே நாற்காலியை ஓட்டுவார், தானே ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோவார், ஏதாவது ஆபத்து என்றால் தானே அவசரப் பொத்தானை அழுத்துவார். அது இல்லாவிட்டால், வைத்த இடத்தில் இருப்பார்.

ஆறு வாரமாகக் கடையிலிருந்து இரவலாக வந்திருந்த அந்தக் கைத்தாங்கியைத் திரும்ப எடுத்துப்போக இன்று மாலை நான்கு மணிக்கு ஆள் வருகிறது. காலை பதினோரு மணிக்கு மேல்முறையீடு. காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர் தொலைபேசியில் பேசுவார். அவர் சரி என்றால் கைத்தாங்கி நிற்கும். இல்லை என்றால், மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வேலைக்குப் போகும் ஏழரை மணி நேரம் ரோட்னியை வீட்டில் விட்டுவைக்க முடியாது. ஏரிக்கரைப் பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

கையிலிருந்து போட்டு வாங்கிவிடலாமே என்றால், படகும் பிக்கப் வண்டியும் நாற்காலி ஏற வீட்டுக்குச் சாய்தளம் கட்டவே விலை போய்விட்டன. மார்லிஸ் வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருக்கலாமே என்றால், அந்தக் காப்பீடே அவள் வேலையோடு வருவது. அரசாங்கக் காப்பீடு கிடைக்க இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. அவள் வேலை போனால் டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை.

காலை எட்டு மணி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. மார்லிஸ் லீவு சொல்லியிருந்தாள். அடுப்பை இரண்டு தடவை துடைத்தாள்.

"அந்த அடுப்பு ஒண்ணும் தப்பு பண்ணலையே" என்றார் ரோட்னி.

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். வேற என்ன பண்ண முடியும் என்னால?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டரைக்கு மகள் கெல்சி வந்து சேர்ந்தாள். துலூத் நகரத்திலிருந்து பனியில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள். அங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் பில்லிங் பிரிவில் அவளுக்கு வேலை. ஊரார் நோயையெல்லாம் எண்களாக மாற்றிக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. அப்பாவின் கோப்பு முழுவதையும் எழுதிக் கேட்டு வாங்கி, ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தாள்.

கோட்டைக் கூடக் கழற்றவில்லை. காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள்.

"அம்மா, இங்க பாரு. நாற்காலி ஒரு வரி. அதுக்கு ஒரு எண். பாஸாயிடுச்சு. கைத்தாங்கி தனி வரி, தனி எண். நாற்காலி குடுத்துட்டாங்கன்னா அதோட இதையும் குடுத்துருவாங்கன்னு நீ நெனச்சே. அப்படி இல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஏன் வேணும்னு தனியா எழுதியிருக்கணும்."

"நம்ம டாக்டர் எழுதினாரே?"

"எழுதினாரு. 'கைத்தாங்கி தேவை'ன்னு ஒரு வரி. அதுக்கு மேல என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'நோயாளி நன்றாக இருப்பதாகக் கூறுகிறார்.'"

மார்லிஸ் கணவரைப் பார்த்தாள். ரோட்னி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு" என்றார். "நல்லா இருக்கேன்னேன். மரியாதைக்குச் சொல்றதுதானே?"

"சரி, அதையாவது விட்டுடலாம். இதைக் கேளுங்க." கெல்சி இன்னொரு காகிதத்தை எடுத்தாள். "டிசம்பர் மாசம் கம்பெனி நர்ஸ் போன் பண்ணியிருக்காங்க. அம்மா, நீ வேலைக்குப் போயிருந்தப்ப. அதை அப்படியே எழுதி வெச்சிருக்காங்க."

படித்தாள்.

'கேள்வி: நீங்களே சாப்பிடுகிறீர்களா? பதில்: ஆமாம். கேள்வி: கைகளில் சிரமம் உண்டா? பதில்: அதெல்லாம் பரவாயில்லை. கேள்வி: கைத்தாங்கி உங்களுக்கு வேண்டுமா? பதில்: அய்யோ, என்னைவிட அவசியப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் எப்படியாவது சமாளித்துக்கொள்வேன்.'

அதற்குக் கீழே நர்ஸ் எழுதியிருந்தது ஒரே வரி: 'உறுப்பினர் பொருளை வேண்டாம் என்கிறார்.'

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அந்தப் பக்கத்து வழக்கமே அப்படி. ஒருவர் வீட்டுக்குப் போனால் காபி தரட்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னொரு தடவை கேட்பார்கள். சிரமம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை மட்டும் என்று சொல்லிவிட்டு இரண்டு முழுக் கோப்பை குடிக்கலாம். முதல் தடவையே கொடு என்று கையை நீட்டுகிறவனைப் பற்றி அவன் செத்த பிறகும் பேசுவார்கள்.

அந்த நர்ஸ் எங்கோ டெக்சஸ் பக்கத்திலிருந்து பேசினவள். ஒரே தடவை கேட்டாள். எழுதிக்கொண்டாள். வைத்துவிட்டாள்.

"அவங்க திரும்பக் கேப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் ரோட்னி மெதுவாக.

"மூணாவது தடவையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கப்பா!" கெல்சி கத்தியேவிட்டாள். "நான் இந்த வேலைலதான் இருக்கேன். காகிதத்துல இல்லாதது நடக்கவே இல்லன்னு அர்த்தம். இன்னைக்கு அந்த டாக்டரம்மாகிட்ட நமக்கு மொத்தமே பன்னெண்டு நிமிஷம். பரவாயில்லைங்கற வார்த்தை உங்க வாய்ல வரக் கூடாது. சமாளிச்சுக்கறேன்னு வரக் கூடாது. புரியுதா?"

"அப்ப என்னதான் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

ரோட்னி மனைவியை ஒரு தடவை பார்த்தார், சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வையில் பயம் இருந்ததை மார்லிஸ் கவனித்தாள். காப்பீட்டு டாக்டரைப் பற்றிய பயம் அல்ல அது. தன்னைப் பார்த்து எதற்குப் பயப்படுகிறார்?

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போன் அடித்தது. கெல்சி ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"வணக்கம். டாக்டர் பெல்லமி பேசறேன். மிஸ்டர் கோஸ்கெலா, எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல" என்றார் ரோட்னி.

கெல்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லது. உங்க கோப்பைப் படிச்சேன். நீங்களே சாப்பிடறதா எழுதியிருக்கு."

"அது... ஆமா. சாப்பிட்டுக்கறேன்."

"கைத்தாங்கி இல்லாமலா?"

"நேரம் கொஞ்சம் ஆகும். ஆனா என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேரு. பெருசா குறை சொல்றதுக்கு ஒண்ணும்..."

போச்சு. எல்லாம் போச்சு. ஏரிக்கரை இல்லத்து நீள வராந்தாவும், அங்கே வரிசையாகத் தலை தொங்கி உட்கார்ந்திருப்பவர்களும் கண்முன் வந்தார்கள். இந்த மனுஷன் மரியாதை பார்த்தே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார்.

என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே எழுந்தாள். கணவரிடம் போய், தொட்டியின் பட்டையைச் சர்ரென்று பிரித்தாள். அவர் வலது கையைத் தூக்கி எடுத்து மடியில் போட்டாள். ஈரத்துணி மாதிரி விழுந்தது அது. அப்படியே கிடந்தது. ஓட்டும் பிடி ஒரு சாண் தள்ளி இருந்தது. அவசரப் பொத்தான் அதற்கும் பக்கத்தில்.

"இப்ப சொல்லு" என்றாள். "இப்ப எப்படி இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லு, ரோட்னி."

ரோட்னி கையைப் பார்த்தார். விரல்கள் அசைந்தன. கை அசையவில்லை. அவர் மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் பார்க்காத முகம் அது.

"மிஸ்டர் கோஸ்கெலா? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். "நவம்பர்ல ஒரு நாள்" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"அப்ப இந்தத் தாங்கி வரல. நாயை வெளிய விடறதுக்காகப் பின்கதவைத் திறந்தேன். ரிமோட்ல திறக்கற கதவு. நாற்காலியைத் திருப்பலாம்னு பாத்தா, கை நழுவி மடில விழுந்துருச்சு. இப்பக் கெடக்கே, இதே மாதிரி. ரிமோட் கீழ போச்சு. பொத்தான் கண்ணு முன்னாடி இருக்கு. கை வரல." நிறுத்தினார். "கதவு திறந்தே இருந்துச்சு. நான் சட்டைதான் போட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல. முதல்ல உடம்பு நடுங்குச்சு. அப்புறம் நடுக்கம் நின்னுருச்சு. அது நிக்கறதுதான் மோசம்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். கேஸ் நிரப்புற லாரிக்காரர் வந்தாரு. கதவைச் சாத்தி, போர்வை போத்தி, கையத் தூக்கிப் பிடில வெச்சாரு. ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்னாரு. வேணாம்னேன். யார்கிட்டயும் சொல்ல வேணாம்னும் கேட்டுக்கிட்டேன்."

மார்லிஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர். அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கொப்பளித்திருந்த நாள். சூப் சுட்டுவிட்டது என்றாரே! அவளும் நம்பி, அவ்வளவு சூடாகச் சூப் வைத்துவிட்டுப் போன தன்னையே திட்டிக்கொண்டு, பத்து நாள் தீக்காயத்துக்கு மருந்து போட்டுவிட்டாளே! அது தீக்காயமே இல்லை. அவள் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே அவர் உறைந்துகொண்டிருந்திருக்கிறார்.

"அந்த ஒரு மணி நேரமும் பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார் ரோட்னி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை. "எனக்கு அது வேணும், டாக்டர். அந்தத் தாங்கி எனக்கு வேணும். வேற யாருக்கு அவசியமோ எனக்குத் தெரியாது. எனக்கு வேணும்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"இதுதான் கோப்புல இல்லாம இருந்துச்சு" என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது. "அனுமதி குடுக்கறேன். கடைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல தகவல் போயிடும். அவங்க வர மாட்டாங்க."

கெல்சி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மார்லிஸ் கணவரின் கையை எடுத்துத் தொட்டியில் வைத்துப் பட்டையைக் கட்டினாள். கட்டும்போது அவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தாள். உன்னை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ரோட்னிக்கும் புரிந்தது.

"இன்னும் ஒரு விஷயம்" என்றார் டாக்டர். "பகல்ல உங்ககூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. மார்லிஸ் வேலைக்குப் போயிடுவா."

"எத்தனை மணி நேரம்?"

சொல்லாதே என்று கெல்சி வேகமாகத் தலையை ஆட்டினாள். அதற்குள் ரோட்னி பதில் சொல்லிவிட்டார். உண்மை சொல்ல ஒரு தடவை வாய் திறந்ததும் அதை மூடத் தெரியவில்லை அவருக்கு.

"ஏழரை மணி நேரம்."

கீபோர்டு சத்தம் நின்றது.

"வருத்தமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "நீங்க இருக்கிற மாநிலத்துல எனக்கும் டாக்டர் உரிமம் இருக்கு. தன்னால தற்காத்துக்க முடியாத ஒருத்தர் தனியா விடப்படறாருன்னு கேள்விப்பட்டா, மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு நான் சொல்லியாகணும். சட்டம் அப்படி. இன்னைக்கே கூப்பிடுவாங்க."

போன் வைக்கப்பட்டது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுன்னு நாந்தானே சொன்னேன்" என்றாள் கெல்சி. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "கைத்தாங்கிக்கு மட்டும்தான் யோசிச்சேன். அடுத்த வரி என் புத்திக்கு எட்டல."

"இப்ப என்ன பண்ணுவாங்க?"

"வந்து பாப்பாங்க. தனியா இருக்க முடியாதுன்னு எழுதினா..." அவள் முடிக்கவில்லை.

மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றைய காட்டரிசி சூப்பைச் சூடு பண்ணி வைத்தாள் மார்லிஸ். ரோட்னி தானே எடுத்துச் சாப்பிட்டார். சுருள்வில் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் கிறீச்சென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகைதான் வந்தது.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. கெல்சி இதையும் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். மாவட்ட அலுவலகத்துப் பெண். இனிமையான குரல். அந்த இனிமைதான் மார்லிஸை இன்னும் பயமுறுத்தியது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்து பாக்கலாமா, அம்மா? நீங்க வீட்ல இருப்பீங்களா?"

"இருப்பேன். தாராளமா வாங்க."

"பகல்ல அவர் தனியா இருக்கறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

"அய்யோ, இல்லவே இல்ல." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "நான்தான் கூட இருக்கேன். எப்பவும்."

"எப்பவும்னா, தினமும் முழு நாளா?"

"ஆமா."

கெல்சி கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் பேனா ஓடியது.

"ரொம்ப நல்லது. அப்ப நீங்க வேலையை விட்டுட்டதா எழுதிக்கறேன். சரிதானே, அம்மா?"

சரி என்றால் வேலை இல்லை என்று காகிதத்தில் ஏறும். அது பள்ளிக்கூடத்துக்குப் போகும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். மூன்று மணி நேரத்துக்கு முன் கிடைத்த கைத்தாங்கி, நாற்காலி, மருந்து எல்லாம் அதோடு போகும். இல்லை என்றால் பொய் சொன்னவள் ஆவாள். அவர் தனியாகத்தான் கிடக்கிறார் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகவும் ஆகும்.

"அம்மா? கேக்குதா?"

மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. ரோட்னி நாற்காலியை ஓட்டிக்கொண்டு மேஜையருகில் வந்தார். தொட்டியில் கிடந்த கை முன்னால் நீண்டது. ஒரு விரல் தடவித் தடவிப் போய்ப் போனைத் தன் பக்கம் திருப்பியது.

"நான் ரோட்னி பேசறேன். அவ வேலையை விடல. விடவும் மாட்டா. என்னை இல்லத்துல போட்டுருவீங்கன்னு பயந்து அப்படிச் சொல்லிட்டா. நான் தனியாத்தான் இருக்கேன்."

"ரோட்னி!" என்றாள் மார்லிஸ்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "அவளும் இருக்க மாட்டா, மகளும் இருக்க மாட்டா. வாசல் மணியை அடிங்க. நானே வந்து கதவைத் திறக்கறேன். திறந்த கதவை நானே சாத்தறேன். அதைப் பாத்துட்டு என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.

"நீங்க கதவைத் திறக்கலன்னா, மிஸ்டர் கோஸ்கெலா?"

"அப்ப நீங்க எழுதறதுதான் சரி."

"நல்லது. பத்து மணிக்கு வர்றேன்."

போன் அணைந்தது. கெல்சி எழுந்து போய் நாளைய வானிலையைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை. மார்லிஸும் கேட்கவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு இந்த வீட்டில் இவரை ஒற்றையாக விட்டுவிட்டு அவள் கிளம்பியாக வேண்டும். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு பயந்ததே இல்லை.